போர்டோ கலவையின் ஊரில் அப்பா

கல்யாணம் முடிந்து நான் பிரான்ஸுக்குப் போகப்போகிறேன் என்றதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஈஃபிள் டவரைப் பற்றித்தான் கேட்டார்கள். அப்பா மட்டும், "மாப்பிள்ளைக்கு எந்த ஊர்ல வேலை?" என்றார். போர்டோ என்று சொன்னேன்.

"போர்டோவா? நம்ம மருந்தடிக்கிற போர்டோ கலவை இருக்கே, அந்த போர்டோவா?"

எனக்குத் தெரியவில்லை. போனில் தேடிப் பார்த்தேன். அதே போர்டோதான்!

எங்களுக்குக் கம்பம் பள்ளத்தாக்கில், சுருளிப்பட்டி பக்கம் இரண்டு ஏக்கர் திராட்சைத் தோட்டம். நான் பிறப்பதற்கு முன்பே அப்பா கல்தூண் ஊன்றி, கம்பி இழுத்துக் கட்டிய பந்தல். மயில்துத்தத்தை ஒரு டிரம்மிலும் சுண்ணாம்பை இன்னொரு டிரம்மிலும் கரைத்து, இரண்டையும் சேர்த்துக் கலக்குவார். பிறகு ஒரு கத்தியை அதில் முக்கி எடுப்பார். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. மருந்தடித்த நாட்களில் அவர் நகக்கண் எல்லாம் நீலமாக இருக்கும். அந்த நீல விரல்களால்தான் எனக்குச் சோறு ஊட்டிவிடக் கூடாது என்று அம்மா சத்தம் போடுவாள்.

அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. போன செப்டம்பரில் அப்பா முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்த இரண்டாம் நாளே பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். தோட்டத்தை பிளாட் போடக் கேட்டு ஒரு புரோக்கர் எழுதிக் கொடுத்திருந்த விலை.

"நீ ஒத்தப் புள்ள. நீ சொல்றதுதான். விக்கவா, வேணாமா?"

"இருங்கப்பா, ஊர் சுத்திப் பார்த்துட்டுப் பேசுவோம்" என்று சமாளித்தேன். உண்மையில் எனக்குப் பதில் தெரியவில்லை. வேண்டாம் என்றால், யார் பார்த்துக்கொள்வது? விற்றுவிடுங்கள் என்றால், அதைச் சொல்ல நான் யார்?

அப்பாவுக்கு எதைக் காட்டலாம் என்று யோசித்தபோது என் கணவர்தான் சொன்னார். "மாமாவை மார்கோவுக்குக் கூட்டிட்டுப் போ. அவர் பார்க்க வேண்டியது மியூசியம் இல்ல, தோட்டம்."

ஒரு கிலோ திராட்சை

ஷாத்தோ மார்கோ. உலகத்தில் மிக மதிப்பான சிவப்பு ஒயின்களில் ஒன்று. ஷாத்தோ என்றால் மாளிகை. போர்டோ பகுதியில் மாளிகையும் திராட்சைத் தோட்டமும் ஒயின் கிடங்கும் சேர்ந்த மொத்தப் பண்ணைக்கும் அந்தப் பெயர்தான். போர்டோவிலிருந்து வடக்கே, மெடோக் என்ற பகுதியில், ஜிரோந்து கழிமுகத்தை ஒட்டி இருக்கிறது. ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

ரயிலில் அப்பாவின் முதல் கேள்வியே விலைதான். "பாட்டில் என்ன விலை?"

"பல நூறு யூரோப்பா. நம்ம பணத்துக்கு 40,000 ரூபாய்க்குக் குறையாது. நல்ல வருஷத்துச் சரக்குன்னா லட்சத்தைத் தாண்டும்."

"ஒரு பாட்டிலுக்கு எவ்வளவு பழம் போகும்?"

"சுமாரா ஒரு கிலோ."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "போன அறுப்புல கிலோ 28 ரூபாய்க்குக் கேட்டான்" என்றார்.

பேச்சை மாற்ற ஒரு கதை சொன்னேன். 1989-ல் நியூயார்க்கில் ஒரு ஒயின் வியாபாரி, 1787-ம் வருஷத்து மார்கோ பாட்டில் ஒன்றை விருந்துக்கு எடுத்துப் போனார். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சனுக்குச் சொந்தமான பாட்டில் என்று சொல்லி, 5 லட்சம் டாலருக்கு மேல் விலை வைத்திருந்தார். விருந்து நடந்த ஓட்டலில் அது ஒரு மேஜையில் இடித்து உடைந்துபோனது. இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்தது 2,25,000 டாலர். அது ஜெஃபர்சனுடைய பாட்டில்தானா என்ற சந்தேகம் இன்றுவரை தீரவில்லை. ஆனால், ஜெஃபர்சன் 1787-ல் போர்டோவுக்கு வந்ததும், சிறந்த நான்கு தோட்டங்களில் மார்கோவை முதலில் எழுதிவைத்ததும் உண்மை.

அப்பா சிரித்தார். "எங்க இன்ஷூரன்ஸ்காரன் ஆலங்கட்டி மழைக்கே கணக்குக் கேப்பான்."

இவ்வளவு குட்டையாவா வளர்ப்பான்?

மார்கோ ஸ்டேஷன் சின்னது. அங்கிருந்து நடந்தோம். ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் திராட்சைதான். அப்பா நடையை நிறுத்தினார்.

"என்ன பாப்பா, இவ்வளவு குட்டையாவா வளர்ப்பான்?"

எங்கள் ஊரில் திராட்சை தலைக்கு மேலே. பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் குலைகள் விளக்கு மாதிரி தொங்கும். இங்கே கொடி இடுப்பளவு வேலி. குலைகள் முழங்கால் உயரத்தில், தரையை ஒட்டி. செடிக்குச் செடி ஒரு மீட்டர், வரிசைக்கு வரிசை ஒரு மீட்டர். ஒரு ஹெக்டேருக்கு 10,000 செடிகள். வரிசைக்குள் டிராக்டர் நுழைய முடியாது என்பதால், நெட்டைக் கால் வைத்த டிராக்டர் செடிகளுக்கு மேலேயே தாண்டிப் போகும்.

அப்பா குனிந்து மண்ணை எடுத்தார். மண் எங்கே இருக்கிறது! உள்ளங்கை நிறையக் கூழாங்கற்கள்.

"இதுல எப்படி விளையுது?"

மார்கோவின் ரகசியமே அந்தக் கல்தான் என்பார்கள். பல லட்சம் வருஷங்களுக்கு முன்பு ஆறு கொண்டுவந்து கொட்டிய சரளை. மழைத் தண்ணீர் தங்காமல் வடிந்துவிடும். பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் சூடு கொடுக்கும். தண்ணீரைத் தேடி வேர் மீட்டர் கணக்கில் ஆழமாக இறங்கும். தண்ணீர் பாய்ச்சுவது கிடையாது, மழைதான். அதனால் பழம் சின்னதாக, தோல் தடிப்பாக, சாறு அடர்த்தியாக இருக்கும். இங்கே அதிகம் இருப்பது கபெர்னே சொவீன்யோன் என்ற ரகம். அதோடு மெர்லோ, கொஞ்சம் பெத்தி வெர்தோ, கபெர்னே ஃப்ரான்.

"ஏக்கருக்கு எவ்வளவு எடுப்பான்?"

"இரண்டு டன் வரும்னு சொல்றாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை."

அப்பா என்னை நம்பவில்லை. பன்னீர் திராட்சையில் வருஷத்துக்கு இரண்டு அறுப்பாவது பார்ப்பவர் அவர். ஏக்கருக்கு பத்து டன் எடுத்த வருஷமும் உண்டு. "காய் கூடுதலா பிடிச்சா ஜூலை மாசத்துலயே பாதிக் குலையை வெட்டிக் கீழ போட்டுருவாங்கப்பா, மிச்சக் குலை நல்லா வரணும்னு" என்று சொன்னதும், அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"காய்ச்ச குலையை வெட்டிப் போடுவானா?"

அது மட்டுமில்லை. அறுத்த பழம் அத்தனையும் 'ஷாத்தோ மார்கோ' ஆகிவிடாது. ஒவ்வொரு பாத்தியின் ஒயினையும் தனித்தனியாகச் சுவைத்துப் பார்த்து, தேறியது மட்டும் அந்தப் பெயரில் போகும். அது மொத்தத்தில் பாதிகூட வராது. மற்றது 'பவியோன் ரூஜ்' என்ற இரண்டாவது பெயரில் விற்கும். அதிலும் தேறாதது அதற்கும் கீழே.

அப்பா ஒரு குலையைத் தொட்டுப் பார்த்தார். விரல் ஒரு பழத்தைப் பறிக்கப் போனது. "அப்பா, பறிக்கக் கூடாது" என்று கையைப் பிடித்தேன்.

பிடித்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. போர்டோ கலவை பிறந்த கதையே அதுதான். 1880-களில் இதே மெடோக்கில், ரோட்டோரச் செடிகளில் பழம் திருடுபவர்களை விரட்ட, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து நீலமாக அடித்து வைத்தார்கள். பார்த்தாலே விஷம் என்று தோன்ற வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். 1882-ல் செயின்ட் ஜூலியன் என்ற பக்கத்து ஊர் வழியாகப் போன மில்லார்தே என்ற தாவரவியல் பேராசிரியர் ஒன்றைக் கவனித்தார். தோட்டம் முழுக்க அடிச்சாம்பல் நோயில் இலை உதிர்ந்து கிடந்தது. நீலம் அடித்த ரோட்டோரச் செடிகளில் மட்டும் இலை பச்சையாக இருந்தது. அவர் அதை ஆராய்ந்து, அளவு கண்டுபிடித்து, 1885-ல் வெளியிட்டார்.

அப்பா ரோட்டோரத்தில் அப்படியே நின்றுவிட்டார். "நாற்பது வருஷமா அடிக்கிறேன். திருடனுக்கு அடிச்ச மருந்தா அது?"

மளிகைக்கடைக்காரரின் மகள்

மாளிகையின் வாசலுக்கு வந்தோம். உள்ளே போக முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், நாங்கள் வாங்கவில்லை. வாசலில் இருந்தே தெரிந்தது. இரண்டு பக்கமும் நெட்டை மரங்கள், நடுவில் நீளமான பாதை, அதன் முடிவில் உயரமான தூண்களோடு வெள்ளை மாளிகை. பாட்டிலின் லேபிளில் இருக்கும் அதே படம்.

"யாரோடது?"

அங்கிருந்த கல்திட்டில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது மார்கோவின் உரிமையாளர் கில்லட்டினில் தலையை இழந்தார். தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அந்தக் குடும்பத்துப் பெண்ணான லோர் தெ ஃப்யூமெல் எப்படியோ அதைத் திரும்ப வாங்கினார். ஆனால், வைத்துக்கொள்ள முடியவில்லை. 1800-களின் தொடக்கத்தில் விற்றுவிட்டார். வாங்கியவர் பழைய வீட்டை இடித்துவிட்டு, லூயி கோம்ப் என்ற கட்டடக் கலைஞரை வைத்து, இப்போது இருக்கும் மாளிகையைக் கட்டினார். 1855-ல் பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் மன்னர் போர்டோ ஒயின்களைத் தரம் பிரிக்கச் சொன்னபோது, முதல் தரத்தில் வந்த நான்கு சிவப்பு ஒயின்களில் மார்கோவும் ஒன்று. நூறு வருஷத்துக்கும் மேல் அந்தப் பட்டியலில் ஐந்தாவதாக ஒரு பெயர் சேரவே இல்லை. 1973-ல்தான் ஒன்று சேர்ந்தது.

அதே 1973-ஐ ஒட்டித்தான் மார்கோவுக்குக் கெட்ட காலமும் வந்தது. எண்ணெய் நெருக்கடி. அடுத்தடுத்து மோசமான விளைச்சல். ஒயின் விலை சரிந்தது. அப்போது தோட்டத்தை வைத்திருந்த குடும்பத்தால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அமெரிக்க நிறுவனம் ஒன்று வாங்க வந்தது. பிரெஞ்சு அரசு விடவில்லை. கடைசியில் 1977-ல் வாங்கியவர் ஆந்த்ரே மென்ட்செலோபுலோஸ். கிரீஸ் நாட்டில் பிறந்தவர். ஃபெலிக்ஸ் போத்தான் என்ற பெரிய மளிகைக்கடைத் தொடரின் முதலாளி.

"மளிகைக்கடைக்காரரா!" அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

அந்த மளிகைக்கடைக்காரர் தோட்டத்தில் பணத்தைக் கொட்டினார். வடிகால் சரிசெய்தார், புதுச் செடி நட்டார், எமில் பெய்னோ என்ற பேர்போன ஒயின் நிபுணரை ஆலோசனைக்கு அழைத்தார். 1978-ம் வருஷத்து ஒயினைக் குடித்தவர்கள், பழைய மார்கோ திரும்பிவிட்டது என்றார்கள். ஆனால் 1980 டிசம்பரில் அவர் இறந்துபோனார். வாங்கி நான்கு வருஷம்கூட ஆகவில்லை. நிலத்தடிக் கிடங்கு வேலை பாதியில் நின்றது.

"அப்புறம்?"

"மக எடுத்து நடத்துனாங்க. கோரின். அப்போ 27 வயசு. ஒயின் படிப்பு எதுவும் படிச்சவங்க இல்ல."

1983-ல் போல் பொன்தாலியே என்ற இளைஞரைக் கோரின் வேலைக்குச் சேர்த்தார். அவருக்கும் 27 வயதுதான். இரண்டு பேரும் முப்பது வருஷத்துக்கும் மேல் சேர்ந்து நடத்தினார்கள். 2003-ல் கோரின் மொத்தப் பங்கையும் வாங்கித் தனி உரிமையாளர் ஆனார். 2016-ல் பொன்தாலியே இறந்தபோது, 2015-ம் வருஷத்து ஒயினை அவர் நினைவாகக் கறுப்பு பாட்டிலில் தங்க எழுத்தோடு வெளியிட்டார்கள். இப்போது கோரினின் பிள்ளைகள் பொறுப்புக்கு வந்துவிட்டார்கள்.

சொல்லிக்கொண்டே வந்தவள், பாதியில்தான் கவனித்தேன். அப்பா மாளிகையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒற்றை மகள் கதையை நான் ஏன் இவரிடம் சொல்கிறேன்? ஊருக்கு வந்து தோட்டத்தைப் பார்க்காத மகள், தோட்டத்தைக் காப்பாற்றிய மகளின் கதையை இவ்வளவு ரசித்துச் சொல்லலாமா?

"அந்தப் பொண்ணுகிட்ட காசு இருந்துச்சு பாப்பா. வச்சுக்கிட்டா. அதுக்கு முன்னாடி ஒருத்தி இருந்தாளே, புரட்சிக்காலத்துப் பொண்ணு, அவகிட்ட இல்ல. வித்துட்டா. அதுக்காக அவ கெட்டவளா?"

நான் பேசவில்லை.

"எத்தனை கை மாறிருக்கு பாரு. மாளிகையைக்கூட இடிச்சுக் கட்டிருக்கான். ஆனா வாங்குன ஒருத்தனும் கொடியப் பிடுங்கல."

நாவப்பழத் துவர்ப்பு

திரும்பும் வழியில் ஒரு பேக்கரியில் கனெலே வாங்கிக் கொடுத்தேன். போர்டோவின் பேர்போன பலகாரம். வெளியே கருகல் மாதிரி மொறுமொறுப்பு, உள்ளே கொழுகொழுவென்று இருக்கும். ஒயினைத் தெளியவைக்க முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்ப்பது இந்தப் பக்கத்தில் பழைய வழக்கம். ஒரு மரப்பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டை. மிச்சமாகும் மஞ்சள்கருவை வைத்துக் கன்னியாஸ்திரிகள் செய்ய ஆரம்பித்ததுதான் கனெலே என்று ஒரு கதை உண்டு. அப்பா இரண்டு சாப்பிட்டார். அதில் கொஞ்சம் ரம் சேர்ப்பார்கள் என்பதை நான் சொல்லவில்லை. இதைப் படித்தால்தான் அவருக்கே தெரியும்!

அப்பா ஒரு சொட்டு குடிக்க மாட்டார். என் சித்தப்பாவைக் குடிதான் கொண்டுபோனது. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கூடாது. அதனால், "நீ குடிச்சிருக்கியா?" என்று அவர் கேட்டபோது கொஞ்சம் தயங்கிவிட்டு, உண்மையைச் சொன்னேன். போர்டோ நகரத்துக் கடைகள் சிலவற்றில் விலை உயர்ந்த ஒயின்களை ஒரு மடக்கு அளவில் விற்பார்கள். முதல் கல்யாண நாளுக்கு நானும் அவரும் போய் ஒரு மடக்கு மார்கோ வாங்கி, பாதிப் பாதியாகக் குடித்தோம்.

"எப்படி இருந்துச்சு?"

முதலில் வாசனைதான் வந்தது. வயலெட் பூ என்பார்கள் இங்கே. எனக்கு மழைக்காலத்தில் மரப்பெட்டியைத் திறந்தது மாதிரி இருந்தது. அப்புறம் வாயில் ஒரு துவர்ப்பு. நாவப்பழம் சாப்பிட்டால் நாக்கில் ஒட்டுமே, அது. ஆனால் நாவப்பழம் மாதிரி பிடித்து இழுக்கவில்லை, மெதுவாகப் பரவியது. விழுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் வாயில் நின்றது. நன்றாகத்தான் இருந்தது. 40,000 ரூபாய்க்கு நன்றாக இருந்ததா என்றால், அதைச் சொல்ல என் நாக்குக்குப் பழக்கம் போதாது. விலை எத்தனை லட்சமானாலும் உள்ளே இருப்பது அதே ஆல்கஹால்தான் என்பதும் சித்தப்பாவின் அண்ணன் மகளுக்குத் தெரியும்.

அப்பா கோபப்படவில்லை. "நாவப்பழமா" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

நம் பன்னீர் திராட்சையை 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று, 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்தியில் வந்தது. ரயிலில் அதை அப்பாவுக்கு நினைவுபடுத்தினேன். "பழமும் இவனுது, மருந்தும் இவனுது. வேர்வை மட்டும் நம்மது" என்றார். பிறகு வழியெல்லாம் தூங்கினார்.

அந்தக் காகிதத்தைப் பற்றி அவர் ஊருக்குக் கிளம்பும்வரை நாங்கள் பேசவே இல்லை. ஏர்போர்ட்டில்தான் நானாகவே ஆரம்பித்தேன். "அப்பா, நான் வந்து பார்த்துக்குவேன்னு சொல்ல எனக்கு ஆசைதான். ஆனா அது பொய்."

"தெரியும் தாயி" என்று தலையைத் தடவிவிட்டுப் போனார்.

தை மாதம் போன் செய்தார். பக்கத்துத் தோட்டத்துப் பையன், விவசாயம் படித்துவிட்டு ஊரிலேயே இருப்பவன், அவனுக்கு ஒரு ஏக்கரை எழுதிக்கொடுத்துவிட்டாராம். புரோக்கர் சொன்ன விலையில் முக்கால்வாசிகூடத் தேறவில்லை. அதையும் இரண்டு தவணையாகத் தருவானாம். மீதி ஒரு ஏக்கரில் கை கால் ஓடும்வரை தானே பார்த்துக்கொள்வாராம்.

"நஷ்டம்தானேப்பா?" என்றேன்.

"கொடியப் பிடுங்க மாட்டான்" என்றார்.

போனை வைத்த பிறகு எனக்கு அழுகை வந்தது. நிம்மதியா, குற்ற உணர்ச்சியா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இந்த முறை லீவுக்குப் போனபோது மோட்டார் ரூமில் விளக்கு மாடத்தைப் பார்த்தேன். அம்மா போட்டோவுக்குப் பக்கத்தில் சின்னதாக, வழுவழுப்பாக ஒரு கூழாங்கல் இருந்தது. பழம் பறிக்கக் கூடாது என்று நான் தடுத்த அன்று, அவர் கை சட்டைப்பைக்குள் போனதை நான் கவனிக்கவே இல்லை.